உங்களுக்குத் தெரியுமா? தாத்தா விட்டுப்போன கார்

நிலம் ஒருவருக்கு, வீடு ஒருவருக்கு என்று பாகம் பிரித்தாயிற்று. கொட்டகையில் தார்ப்பாய் மூடி நிற்கிற காரை மட்டும் யாரும் கேட்கவில்லை. "நீயே வெச்சுக்கோ" என்று உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை, ஆசை மட்டும் இருக்கிறது. பரவாயில்லை. கணியம்பாடியைச் சுற்றியுள்ள வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஊர்களுக்கும் பழைய கார்களுக்கும் நெடுநாள் சொந்தம். வேலையின் வரிசை மட்டும் தப்பக் கூடாது. தப்பினால் கைக்காசு கரையும். அந்த வரிசையில் சில துணுக்குகள்.

காருக்கும் வாரிசுச் சான்றிதழ்
உரிமையாளர் இறந்தால் கார் தானாகப் பேரன் பெயருக்கு வந்துவிடாது. 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பழைய ஆர்.சி. புத்தகம் எல்லாம் தேடி எடுத்து வையுங்கள். கெடு தாண்டியிருந்தாலும் முதல் செலவு இதுவாகவே இருக்கட்டும். பேப்பர் இல்லாத காருக்குப் பெயிண்ட் அடிப்பது, பட்டா இல்லாத மனையில் வீடு கட்டுவது போல.

அந்த எண்ணைத் தேய்க்காதீர்கள்
சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் இரும்பில் குத்தப்பட்டவை. ஆர்.டி.ஓ.வில் அவற்றின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக் கேட்பார்கள். துருவை எடுக்கிறேன் என்று கிரைண்டர் போட்டு எண்ணையும் சேர்த்து வழித்துவிட்டால், காருக்கு அடையாளமே இல்லாமல் போகும். மண்ணெண்ணெய் நனைத்த துணியும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் போதும்.

ஐம்பதைத் தாண்டினால் தனி மரியாதை
2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, வியாபாரத்துக்குப் பயன்படாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகளுக்கு இது பொருந்தும். புதிதாகப் பதிவதற்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டு செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். புதுப் பதிவுக்கு நம்பர் பலகையில் மாநில எழுத்துக்கு அடுத்து 'வி.ஏ.' என்று வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் சந்தைக்குப் போக முடியாது
வின்டேஜ் பதிவு வாங்கிய காரைக் கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட ஆசைப்பட்டால் சாதாரண ஆர்.சி.யை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போவதுதான் வழி. இன்னொரு நிபந்தனையும் உண்டு: சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றும் பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும். எரிபொருள் சிக்கனத்துக்காகப் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றிய அம்பாசிடர்கள் ஏராளம். அப்படி மாற்றியது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆளுக்கொரு கணக்கு
பிரிட்டனில் 1934இல் தொடங்கிய வின்டேஜ் கார் சங்கத்தின் கணக்கில் 1919 முதல் 1930 வரை செய்த கார்தான் வின்டேஜ். உலகப் பழங்கார் கூட்டமைப்பான 'ஃபிவா'வுக்கு 30 வயதானாலே அது வரலாற்று வண்டி. நம் அரசுக்கு 50. ஆக, 1968ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் டெல்லியில் வின்டேஜ், லண்டனில் இல்லை.

குடியாத்தம் சாலையில் ஒற்றை சிலிண்டர்
வேலூர் சி.எம்.சி.யை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் முதலில் மாட்டுவண்டியில்தான் கிராமங்களுக்குப் போனார். 1909இல் அவருக்கு ஒரு பெஜோ கார் கிடைத்தது. ஒரே சிலிண்டர். குடியாத்தம் சாலையில் வழிநெடுக நிறுத்தி, மரத்தடியில் நோயாளிகளைப் பார்த்தார். 'ரோட்சைட்' என்று பெயர் பெற்ற அந்தச் சாலையோர வைத்தியத்தின் தொடர்ச்சியாகத்தான் பின்னாளில் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் சி.எம்.சி.யின் சமூக மருத்துவப் பணி வேர்விட்டது.

அதே பெஜோவின் கையில் அம்பாசிடர்
மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. மூன்று ஆண்டு கழித்து, 2017இல், அந்தப் பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது பிரான்ஸின் பெஜோ நிறுவனம்.

கொட்டகையில் நிற்பது எது?
அம்பாசிடருக்கு மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. பிரீமியர் பத்மினிக்கு மூலம் இத்தாலியின் ஃபியட் 1100. இரண்டிலும் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே எலும்புக்கூடு. அதனால் கால் வைக்கும் தளத்தில் துரு ஓட்டை போட்டிருந்தால், அது அழகுக் குறை அல்ல, உயிர்ப் பிரச்சினை. தளத்தைச் சரிசெய்யாமல் எதையும் தொடக் கூடாது.

வண்டலூர் தந்த கார்
ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நம் தமிழ்நாட்டுக் கார். சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து 1961இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் மூலம். வடிவமைத்தவர் இத்தாலியர் ஜொவானி மிக்கெலாட்டி. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிடத் தோதான வண்டி இல்லை. பானட் மட்டுமல்ல, இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து முகப்பு முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். முன் டயர் மேல் உட்கார்ந்தபடியே இன்ஜினில் வேலை பார்க்கலாம். தனி சேஸிஸும் உண்டு; பாடியைப் போல்ட் கழற்றித் துண்டு துண்டாக இறக்கிவிடலாம்.

13ஆம் நம்பர் ஸ்பேனர் ஏன் வழுக்குகிறது?
அம்பாசிடர், ஹெரால்டு இரண்டும் இன்ச் அளவு போல்ட் வண்டிகள். ஃபியட் மில்லிமீட்டர் வண்டி. அரை இன்ச் நட்டு 12.7 மில்லிமீட்டர்; அதில் 13ஆம் நம்பர் ஸ்பேனர் போட்டால் உட்கார்ந்தது போலத் தெரியும். துருப்பிடித்த நட்டில் பலம் கொடுத்துத் திருகும்போது முனைகளை மழுங்கடித்துவிடும். பிறகு உளியும் சுத்தியலும்தான் கதி. 7/16, 1/2, 9/16 என்று ஒரு இன்ச் செட் வாங்கிவிடுங்கள். 1990களில் இசுசு இன்ஜினோடு வந்த அம்பாசிடருக்கு இரண்டு செட்டும் தேவைப்படும்.

செல்போனும் தீப்பெட்டியும்
கழற்றுவது எல்லோராலும் முடியும். மாட்டும்போதுதான் நான்கு திருகாணி மிஞ்சும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் இரண்டு கோணத்தில் படம் எடுங்கள். வாஷர் எந்தப் பக்கம், ஒயர் எந்த நிறம் என்பது படத்தில் தெரிய வேண்டும். குடியாத்தம் தீப்பெட்டி ஊர். காலிப் பெட்டிக்குப் பஞ்சமில்லை. ஒரு பாகத்தின் திருகாணிகளுக்கு ஒரு பெட்டி, மேலே பேனாவால் பெயர். பூட்டும் நாளில் நிம்மதி.

சாவி போடாதீர்கள்
வருடக்கணக்கில் நின்ற காரில் பேட்டரி மாட்டிச் சாவி திருப்புவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. பிஸ்டன் ரிங் துருவால் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். செல்ஃப் மோட்டார் பலவந்தமாக இழுத்தால் ரிங் முறியும், சிலிண்டர் கீறும். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துளையிலும் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து இரண்டு மூன்று ஸ்பூன் ஊற்றிச் சில நாள் ஊற விடுங்கள். பிறகு, பிளக் மாட்டாமலே, முன்பக்கம் ஸ்டார்ட்டிங் ஹாண்டிலைச் செருகிக் கையால் மெல்ல அசையுங்கள். முன்னும் பின்னும் விரலளவு அசைந்தால் நல்ல சேதி. அடம்பிடித்தால் இன்னும் எண்ணெய், இன்னும் பொறுமை. முழுச் சுற்று இலகுவாகச் சுற்றும்வரை பேட்டரியின் பக்கமே போக வேண்டாம்.

நிற்கத் தெரிந்த பிறகு ஓடட்டும்
இன்ஜின் உறுமினால் உற்சாகம் தாங்காது. ஒரு ரவுண்டு போகலாம் என்று கை துறுதுறுக்கும். பிரேக் பார்க்காமல் நகர்த்தாதீர்கள். டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளும் வீல் சிலிண்டருக்குள்ளும் துருவாகும்; ரப்பர் வாஷரும் கெடும். மிதித்தால் கால் தரைவரை போகும். பிரேக் ஆயிலுக்குப் பதில் இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். பிரேக் ஆயில் சிந்தினால் பெயிண்ட் கொப்பளிக்கும். பிரேக் வேலை முதலில், பெயிண்ட் வேலை கடைசியில் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் பிரேக் லைனர் ஒரு செருப்புத் தைப்பவர் கைவேலை
1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸுக்குச் சொல்லாமல் அவர் செய்த காரை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களுடன் ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் போனார். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் அது. நூறு கிலோமீட்டருக்கும் மேல். அடைத்துக்கொண்ட பெட்ரோல் குழாயைத் தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். இறக்கத்தில் மரக்கட்டை பிரேக் தேய்ந்து போனது. வழியிலிருந்த செருப்புத் தைப்பவரைக் கூப்பிட்டு அதன்மேல் தோல் வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். இன்று ரிவிட் அடித்து மாட்டுகிற பிரேக் லைனரின் கொள்ளுப்பாட்டி அந்தத் தோல் துண்டுதான்.

கிளட்ச்சிலும் தோல்
தொடக்கக் காலக் கார்கள் பலவற்றில் கிளட்ச் கூம்பு வடிவம். அதன்மேல் தோல் உறை. தோல் காய்ந்தால் வண்டி உதறிக்கொண்டு கிளம்பும். எண்ணெய் மிகுந்தால் வழுக்கும். மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுத்த எண்ணெயைத் தடவிப் பதம் பார்ப்பது அந்தக் கால டிரைவரின் அன்றாட வேலை.

செருப்புக் குடும்பத்துக் கார்புரேட்டர்
பழைய அம்பாசிடர்கள் பலவற்றில் இருப்பது எஸ்.யூ. கார்புரேட்டர். 'ஸ்கின்னர்ஸ் யூனியன்' என்பதன் சுருக்கம். அதைக் கண்டுபிடித்த ஸ்கின்னர் சகோதரர்கள், இங்கிலாந்தின் புகழ்பெற்ற 'லில்லி அண்ட் ஸ்கின்னர்' காலணி வணிகக் குடும்பத்துப் பிள்ளைகள். 1900களின் தொடக்கத்தில் அவர்கள் செய்த முதல் கார்புரேட்டரில் காற்றளவை ஏற்றி இறக்கியது ஒரு தோல் துருத்தி. பின்னால் அதன் இடத்துக்குப் பித்தளைப் பிஸ்டன் வந்தது. உங்கள் காரில் எஸ்.யூ. இருந்தால் மேல்மூடியைத் திருகிப் பாருங்கள். உள்ளே சிறு தண்டு தொங்கும். அந்தக் கிணற்றில் மெல்லிய ஆயில் இல்லாவிட்டால் ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போதெல்லாம் வண்டி இடறும்.

ரோல்ஸ்ராய்ஸ் சீட்டும் ஒரு செருப்புக் கடையில்தான் தொடங்கியது
ரோல்ஸ்ராய்ஸ், ஜாகுவார் கார்களுக்குத் தோல் கொடுத்துப் பேர் வாங்கிய கானலி நிறுவனம், 1878இல் லண்டனில் இரண்டு சகோதரர்கள் நடத்திய காலணி தைக்கும் கடை. ஆம்பூர்க்காரர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

சினிமா ஃபிலிமும் சீட் ரெக்ஸினும் ஒரே சரக்கு
நடுத்தரக் குடும்பத்துக் காரில் தோலுக்கு ஏது இடம்? ரெக்ஸின்தான். பிரிட்டனில் ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர் அது. பருத்தித் துணிமேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசியது. 1923இல் அமெரிக்காவின் டூபாண்ட் கொண்டுவந்த 'டூக்கோ' பெயிண்டும் நைட்ரோசெல்லுலோஸ்தான். வாரக்கணக்கில் காய்ந்த கார்ப் பெயிண்ட் அதற்குப் பிறகு மணிக்கணக்கில் காய்ந்தது. பழைய சினிமா ஃபிலிமும் அதே வகை. மூன்றும் சட்டென்று தீப்பிடிக்கும். பழைய பெயிண்ட் சுரண்டும் இடத்தில் பீடி பற்றவைக்க வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம்.

ஆவாரம்பட்டை, கடுக்காய், குரோம்
இந்தப் பக்கத்துப் பழைய பதனிடும் முறை ஆவாரம்பட்டையும் கடுக்காயும். 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்று உலகச் சந்தையில் பேர் பெற்ற அந்தத் தோல் 2008இல் புவிசார் குறியீடு பெற்றது. தொட்டியில் வாரக்கணக்கில் ஊற வேண்டும். குரோம் முறையில் சுழலும் மரப் பீப்பாயில் ஓரிரு நாளில் முடிந்துவிடும். காருக்கு இன்று பெரும்பாலும் குரோம் தோல். நெகிழும், வெயில் தாங்கும்.

வெட்டு ஓரம் சொல்லும்
கடைக்காரர் காட்டுவது எந்தத் தோல்? துண்டின் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். உள்ளே நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம். பழுப்பாக இருந்தால் பட்டைத் தோல். சந்தேகம் தீரவில்லையா? விரலளவுத் துண்டைக் கொதிக்கும் நீரில் இரண்டு நிமிடம் போடுங்கள். நன்றாகப் பதப்பட்ட குரோம் தோல் அப்படியே இருக்கும். பட்டைத் தோல் சுருண்டு குறுகிவிடும். டேனரிகளில் அன்றாடம் செய்கிற சோதனைதான் இது.

சீட்டைக் கிழிக்காதீர்கள், பிரியுங்கள்
தோல் சதுர அடிக் கணக்கில் விற்கும். கார் சீட்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கனம் போதும். ஆட்டுத் தோல் வேண்டாம். மாட்டுத் தோலோ எருமைத் தோலோ எடுங்கள். பழைய உறையைக் கிழித்து எறியாமல் தையலைப் பிளேடால் பிரித்து எடுத்தால், அதுவே வெட்டுவதற்கு பேட்டர்ன். பைப்பிங் வைத்துத் தைக்கும் ஓரத்தில் தோலைச் சீவி மெலிதாக்காவிட்டால் தையல் மொத்தையாக எழும்பும். ஷூ மேல்பாகம் தைக்கிற ஆம்பூர், வாணியம்பாடி ஆட்களுக்கு 'ஸ்கைவிங்' என்ற இந்தச் சீவல் கைவந்த கலை. உள்ளே ஸ்பிரிங், அதன்மேல் சாக்கு, அதன்மேல் தேங்காய் நார் என்ற பழைய அடுக்கை அப்படியே வையுங்கள். ஸ்பாஞ்ச் மட்டும் திணித்தால் உட்காரும் உயரமே மாறிவிடும்.

துணி சோப்பு தோலுக்கு எதிரி
தோல் இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை உடையது. துணி சோப்பு காரம். அதைப் போட்டுத் தேய்த்தால் பதம் கெட்டுத் தோல் வெடிக்கும். காரமில்லாத சோப்பு, ஈரத் துணி, நிழலில் உலர்த்தல் போதும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவினால் தையல் நூலும் ஊறும், தூசும் ஒட்டும்.

வேலூர் வெயில்: பாதி நண்பன்
கடலோரச் சென்னையைப் போல உப்புக் காற்று இங்கே இல்லை. அந்த வகையில் வேலூர்ப் பக்கத்துக் கார் கொடுத்துவைத்தது. ஆனால் கத்திரி வெயில் ரப்பர் பீடிங், டேஷ்போர்டு, ரெக்ஸின் மூன்றையும் வெடிக்க வைக்கும். பீடிங் வெடித்தால் ஐப்பசி மழை கதவுக்குள் இறங்கும். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிய விட்ட சிறு துளைகள் இருக்கும். அடைந்திருந்தால் குச்சியால் குத்தி விடுங்கள்.

காந்தம் பொய் சொல்லாது
மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தத்தை மட்கார்டு, கதவு அடிப்பாகம், டிக்கித் தளம் என்று நகர்த்திக்கொண்டே போங்கள். தகடு இருக்கும் இடத்தில் இழுக்கும். பட்டி அப்பிய இடத்தில் வழுக்கி விழும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். டிங்கரிங் எவ்வளவு என்று ஒர்க்‌ஷாப்காரர் சொல்லும் முன்னே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

துரு தின்னும் கரும்புக் கழிவு
சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸை ஒன்பது பங்கு தண்ணீரில் கலந்து, துருப்பிடித்த இரும்புப் பாகத்தைப் போட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் துரு மட்டும் கழன்றுவிடும். இரும்பு அப்படியே இருக்கும். உலகெங்கும் பழங்கார்க்காரர்கள் செய்கிற வேலை இது. அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் மட்டும் போட்டுவிடாதீர்கள், அரித்துவிடும். வேலூர் கூட்டுறவு சர்க்கரை ஆலை அம்முண்டியில் பக்கத்திலேயே இருந்தாலும், மொலாசஸ் அரசுக் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். டிரம் டிரம்மாக வாங்க முடியாது. சின்னப் பாகங்களுக்கு எலுமிச்சை உப்புக் கரைசலோ வினிகரோ போதும்.

எவர்சில்வர் கரண்டி வேண்டாம்
சலவை சோடா கரைத்த தண்ணீர், பேட்டரி சார்ஜர், ஒரு இரும்புத் தகடு. இவ்வளவு இருந்தால் மின்சாரத்தால் துரு எடுக்கலாம். துருப்பிடித்த பாகத்தைச் சார்ஜரின் நெகட்டிவ் முனையிலும் வேண்டாத இரும்புத் தகட்டைப் பாசிட்டிவிலும் மாட்ட வேண்டும். தகட்டுக்குப் பதில் எவர்சில்வரைத் தொங்கவிட்டால் தண்ணீர் மஞ்சளாகும். அந்த மஞ்சள், புற்றுநோய் தரக்கூடிய ஆறு இணைதிறன் குரோமியம். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலைக்குப் பின்னால் மலையாகக் குவிந்து கிடக்கும் கழிவும் அதே நஞ்சுதான்.

இரண்டு குரோம்
தோல் பதனிடும் குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டது. பம்பருக்கு முலாம் பூசும் தொட்டியில் வழக்கமாக இருப்பது ஆறு இணைதிறன் கொண்டது, பலமடங்கு கொடியது. பம்பரில் கண்ணாடிபோல மின்னுவதில் குரோமின் பங்கு கொஞ்சம்தான். மேலே இருக்கும் குரோம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அடியிலுள்ள நிக்கல்தான் பளபளப்பும் பாதுகாப்பும் தருகிறது. பூசக் கொடுக்கும்போது நிக்கல் எத்தனை மைக்ரான் என்று கேளுங்கள்.

பாலாற்றுத் தீர்ப்பு உங்கள் கொட்டகைக்கும்தான்
'வேலூர் குடிமக்கள் நல மன்றம்' தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. பாலாற்றை மாசுபடுத்திய டேனரிகள் பற்றிய வழக்கு. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும், கெடுமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. கழிவு ஆயிலையும் ஆசிட்டையும் வாய்க்காலில் ஊற்றாதீர்கள். ஆயிலைக் கேனில் சேர்த்து வைத்துக் கழிவு எண்ணெய் எடுப்பவரிடம் கொடுங்கள்.

தூசியை ஊதாதீர்கள்
பழைய பிரேக் லைனரிலும் கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும். டிரம்மைத் திறந்ததும் காற்றுக் குழாயால் ஊதினால் அந்த இழைகள் நேராக நுரையீரலுக்குப் போகும். ஈரத் துணியால் துடைத்துப் பையில் கட்டி எறியுங்கள். பழைய பெயிண்டில் காரீயம் இருக்கக்கூடும். வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும்.

பெட்ரோல் மாறிவிட்டது
காரீயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க 2000 பிப்ரவரி 1இல் நின்றது. அந்தக் காரீயம்தான் பழைய இன்ஜின்களில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்தது. ஹெட் இறக்குகிற வேலை வந்தால் லேத்தில் கடினமான வால்வு சீட் போட்டுவிடுங்கள். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர் குழாயையும் வாஷரையும் ஊற வைத்து இளக்கும், ஈரமும் இழுக்கும். எத்தனால் தாங்கும் குழாய்க்கு மாறுங்கள். கார் மாதக்கணக்கில் நிற்கப் போகிறதென்றால் டாங்க்கைக் காலி செய்யுங்கள்.

காலி டாங்க்தான் ஆபத்து
வெல்டிங் வேலை என்று வந்தால், நிரம்பிய டாங்க்கைவிடக் காலி டாங்க் மோசமானது. உள்ளே தங்கியிருக்கும் பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்து வெடிமருந்தாகக் காத்திருக்கும். ஓட்டை அடைக்க வெல்டிங் பற்றவைத்து உயிரை விட்டவர்கள் உண்டு. நீராவி விட்டுக் கழுவத் தெரிந்தவரிடம் மட்டுமே டாங்க்கைக் கொடுங்கள்.

பேட்டரி தலைகீழ்
1960களின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் வம்சக் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். இன்றைய வழக்கத்துக்கு நேர்மாறு. பழக்க தோஷத்தில் மாற்றி மாட்டினால் ரேடியோ புகையும். மாட்டுமுன் பழைய ஒயர் எந்த முனையிலிருந்து பாடிக்கு ஓடுகிறது என்று பாருங்கள்.

ஸ்பேர் பார்ட்ஸ் தூரத்தில் இல்லை
இந்தியா பிஸ்டன்ஸ் 1949, லூகாஸ் டி.வி.எஸ். 1961, பிரேக்ஸ் இந்தியா 1962. மூன்றும் சென்னையில் முளைத்தவை. பழைய டைனமோ, செல்ஃப் மோட்டார், வீல் சிலிண்டர் மீது படிந்த கிரீஸைத் துடைத்தால் இப்படி ஏதாவது பெயர் தெரிய வாய்ப்பு உண்டு. புதிது கிடைக்காததற்குச் சென்னையின் பழைய பாகச் சந்தையான புதுப்பேட்டை இருக்கிறது. கழற்றிய பாகத்தைக் கையில் எடுத்துப் போங்கள். வாய்ச்சொல்லால் விளக்கி வாங்கினால் இரண்டாம் தடவை போக வேண்டிவரும்.

கரியில் ஓடிய கார்
இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, மதுரை டி.வி.எஸ். நிறுவனம் அடுப்புக்கரியிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் கலன்களைச் செய்தது. காருக்கும் பஸ்ஸுக்கும் பின்னால் கொதிகலன்போல ஒன்று தொங்கும். தாத்தாவின் பழைய புகைப்படத்தில் அப்படி ஒன்று தென்பட்டால் அதுதான் இது.

நம்மூர் நீராவிக் கார்
சென்னை சிம்ப்சன் நிறுவனத்தின் சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் ஒரு நீராவிக் கார் செய்து ஓட்டினார். இந்தியாவில் செய்த முதல் நீராவிக் கார் என்று சென்னை வரலாற்றில் அதற்குப் பெயர்.

பார்த்துப் பழக இரண்டு இடம்
கோவை அவினாசி சாலையில் ஜி.டி. நாயுடு பெயரில் ஜீடி கார் அருங்காட்சியகம்; சென்னை வடபழனி ஏவி.எம்.மில் பழங்கார் அரங்கு. பளபளப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கதவு இடைவெளி, சீட் தையல், ஒயர் சுற்றிய விதம், திருகாணித் தலை ஆகியவற்றைக் குனிந்து பாருங்கள். மூலத்தைப் போலவே செய்வது என்றால் என்ன என்று அங்கே புரியும்.

டயருக்கும் பிறந்த தேதி உண்டு
அம்பாசிடருக்கு 5.90-15, ஹெரால்டுக்கு 5.20-13, ஃபியட்டுக்கு 5.20-14. டயர் ஓரத்தில் கடைசி நான்கு இலக்கம், செய்த வாரமும் ஆண்டும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் 2000க்கு முந்திய டயர். பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் கட்டையாகியிருக்கும்; தூக்கிப் போடுங்கள். ஒரே அச்சில் ரேடியலையும் பழைய நைலான் டயரையும் கலந்து மாட்டக் கூடாது.

பெயிண்ட் ஏன் கடைசி?
எல்லோரும் முதலில் செய்ய ஆசைப்படுவது அதைத்தான். ஆனால் தளத்துக்கு வெல்டிங், இன்ஜின் ஏற்றி இறக்குவது, பிரேக் குழாய் இழுப்பது ஒவ்வொன்றும் புதுப் பெயிண்டைக் கீறும். இன்னொன்று: டேஷ்போர்டுக்கு அடியிலோ டிக்கி மூடியின் உட்புறத்திலோ வெயில் படாத மூலைகளில் அசல் நிறம் அப்படியே இருக்கும். அதைப் பார்த்துத்தான் கலக்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் பழைய பெயிண்டைச் சுரண்டாமல் விட்டாலே மதிப்பு கூடும்.

அடக்கி ஓட்டுங்கள்
புது ரிங் போட்ட இன்ஜினை முதல் 500 கிலோமீட்டர் விரட்டக் கூடாது. ஒரே வேகத்திலும் போகக் கூடாது. ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங் சிலிண்டரோடு பழகும். பிறகு ஆயிலை மாற்றுங்கள். அதில் மின்னும் இரும்புத் தூள் இருந்தால் பயப்பட வேண்டாம், பழகிய அடையாளம். இன்ஷூரன்ஸ் கட்டாயம். கணியம்பாடியிலிருந்து திருவண்ணாமலைக்கு நேர்ச்சாலை. நான்கு பௌர்ணமிக்குக் கிரிவலம் போய்வந்தால் 500 தாண்டிவிடும். சாதாரண ஆர்.சி. வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த யோசனை. வின்டேஜ் பதிவு வாங்கியவர்கள் அண்ணாமலையாரைப் பார்க்க பஸ்ஸில்தான் போக வேண்டும்.